முயல் வளர்ப்பு: மருத்துவச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

பொங்கோல்_அம்மா

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு பெண் முயல் இருக்கிறது. மகள் வைத்த பெயர் புட்டு. ஒன்றரை வயது, ஏறக்குறைய 2 கிலோ. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. கூண்டு வரவேற்பறையில்தான், சாயங்காலம் ஆனால் திறந்து விட்டுவிடுவோம். இதுவரை நோய்நொடி என்று எதுவும் வந்ததில்லை.

போன வாரம் பக்கத்து புளோக்கில் ஒரு முயல் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டதாம். ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பில் 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே யோசனை. முயலுக்குக் காப்புறுதி எடுக்க முடியுமா? முடியாதென்றால் மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? இன்னொன்று, புட்டுவுக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை. செய்தே ஆக வேண்டுமா? வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_வாசி

காப்புறுதி பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே விற்கிற செல்லப்பிராணிக் காப்புறுதி பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும்தான். முயல் என்று சொன்னதுமே நான் கேட்ட இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். நம் கையே நமக்கு உதவி. தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பணம் போகிற மாதிரி செய்துவிடுங்கள். வீட்டுச் செலவோடு சேர்ந்து கிடந்தால் அது நிற்காது.

ஈசூன்_முயல்வீடு

பொங்கோல் அக்கா, முதலில் கருத்தடை. செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். சில இனங்களில் 4 வயதைத் தாண்டினால் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வந்துவிடுகிறது. ஒன்றரை வயது என்பது நல்ல நேரம்தான். உடம்பு இளசு, மயக்க மருந்தைத் தாங்கும். என் வீட்டில் கடைசியாகச் செய்த பெண் முயலுக்கு ரத்தப் பரிசோதனை, வலி மருந்து எல்லாம் சேர்த்து 600 வெள்ளியை ஒட்டி ஆனது. மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் இருக்கும். ஆனால் கட்டி வந்த பிறகு, நுரையீரலுக்குப் பரவிய பிறகு, எத்தனை ஆயிரம் கையில் இருந்தாலும் பயனில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். நாய், பூனையைப் பட்டினி போட்டுக் கொண்டுவரச் சொல்வார்கள். முயலை அப்படிப் பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 'முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்' என்று ஒரு கிளினிக் முயலுக்குச் சொன்னால், அங்கே முயல் அதிகம் வருவதில்லை என்று புரிந்துகொண்டு வேறு இடம் பாருங்கள்.

இப்போது அந்த 1,800 வெள்ளி விஷயம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது குடல் முடக்கமாக இருக்கும். முயலுக்கு அவசரம் என்று வருவதில் அடிக்கடி பார்ப்பது இதுதான். குடல் மெதுவாகும், பிறகு நிற்கும், உள்ளே வாயு அடைக்கும், வலியில் முயல் இன்னும் சாப்பிடாது, அதனால் குடல் இன்னும் நிற்கும். 12 மணி நேரம் வாயில் எதுவும் படவில்லை என்றால் அது அவசர நிலை. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது புழுக்கை. தினமும் காலையில் கழிவுத் தட்டைச் சுத்தம் செய்யும்போது பாருங்கள். 2 கிலோ முயலுக்குக் கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். விரலால் நசுக்கினால் உள்ளே புல் தூள் மாதிரி உதிர வேண்டும். மிளகு அளவுக்குச் சிறுத்தாலோ, கறுத்து இறுகினாலோ, முடியால் கோத்து வந்தாலோ, வழக்கத்தில் பாதிதான் இருந்தாலோ, அன்றைக்கே கவனிக்க வேண்டும். இதில்லாமல் பளபளவென்று, கொத்தாக ஒட்டிக்கொண்டு, மென்மையாக இன்னொரு வகை வரும். அதை முயல் நேராக வாய் வைத்துத் தின்றுவிடும். அருவருப்புப்பட வேண்டாம், அதில் சத்து இருக்கிறது, தின்றே ஆக வேண்டும். தின்னாமல் தரையில் விட்டுவைத்தால் ஒன்று உருண்டைத் தீனி (பெல்லட்) அதிகம், அல்லது முயல் பருத்துவிட்டது, அல்லது குனிய முடியாத அளவுக்கு எங்கோ வலி.

தீனியில் பத்தில் எட்டுப் பங்கு புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த முயலுக்குத் திமோத்தி என்ற உலர்ந்த புல். அல்ஃபல்ஃபா (குதிரைமசால்) 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு. பெரிய முயலுக்கு அதில் கால்சியம் கூடிப்போய் சிறுநீர்ப்பையில் மண்ணாகப் படியும். உருண்டைத் தீனி முயலின் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், அதற்கு மேல் வேண்டாம். பல் நிற்காமல் வளர்கிற பிராணி இது. முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். கடைவாய்ப் பல்லும் நிற்காமல் வளரும். அதைத் தேய்ப்பது புல் மட்டுமே. பல் கூர்மையாகி நாக்கைக் கிழிக்கிற நிலைக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து கொடுத்துத் தேய்க்க வேண்டும். ஒருமுறை ஆரம்பித்தால் சில மாதத்துக்கு ஒருமுறை அது தொடரும். நான் பார்த்தவரை ஒரு வீட்டுப் பணத்தை அதிகமாகக் கரைப்பது ராத்திரி அவசரம் அல்ல, இந்தப் பல் செலவுதான்.

பணக் கணக்கு நாளை எழுதுகிறேன். பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும்.

மேல்மாடி_வாசகர்

தப்பாக நினைக்க வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா வீட்டில் முயல் வளர்த்தார்கள். அருகம்புல்லும் கல்யாண முருங்கை இலையும் போடுவார்கள், அவ்வளவுதான். எந்த மருத்துவரும் வந்து பார்த்ததில்லை. நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய பிராணிக்கு ஆயிரம் ஆயிரமாகச் செலவழிப்பது சரியா? இரண்டு பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புக் கட்டணம் கட்டுகிற குடும்பம் என்ன செய்யும்? உண்மையாகவே கேட்கிறேன்.

கிளினிக்_தோழி

நியாயமான கேள்வி அண்ணா. நான் பிராணிகள் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறேன், அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

ஊர் முயலுக்கும் இந்த முயலுக்கும் வாழ்நாளே வேறு. அங்கே இறைச்சிக்கு வளர்ப்பார்கள், சில மாதம்தான் இருக்கும். வீட்டுக்குள் வளர்கிற முயல் 8 முதல் 12 வருடம் வாழும். வாழ்கிற வரைக்கும் வரவேண்டிய நோய் வரும். புற்றுநோய், பல், சிறுநீர்ப்பை மண் எல்லாமே வயதாக ஆகத்தான் தெரிகிறது. நூறு வெள்ளி கடைக்காரருக்குக் கொடுத்த விலை, பத்து வருடத்துக்கான விலை அல்ல. வாங்குவதற்கு முன்னால் யாராவது இதைச் சொல்ல வேண்டும், சொல்வதில்லை. 2023 சீன நாட்காட்டியில் முயல் ஆண்டு. ஆசைக்கு வாங்கிவிட்டு ஆண்டு முடிந்ததும் கைவிட்டுவிடாதீர்கள் என்று முயல் ஆர்வலர்கள் அப்போது கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். பிராணியைக் கைவிடுவது இங்கே குற்றம். முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் குடும்பக் கேள்விக்கு நேரான பதில்: முடியாத குடும்பம் முயல் வாங்காமல் இருப்பது தப்பே இல்லை. ஆனால் பொங்கோல் அக்கா வீட்டில் முயல் ஏற்கனவே இருக்கிறது. மகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள்.

அப்புறம், பில் ஏன் ஏறுகிறது என்று சொல்கிறேன். ராத்திரி என்றால் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கே பகல் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. பிறகு எக்ஸ்ரே, ஏனென்றால் குடல் வெறுமனே நின்றிருக்கிறதா அல்லது அடைப்பா என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. ரத்தப் பரிசோதனை, தோலுக்கடியில் அல்லது ரத்தக்குழாய் வழியாகத் திரவம், வலி மருந்து, ஒரு ராத்திரி படுக்கை. இதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. எதுவும் தேவையில்லாததாக இல்லை, ஆனால் கூட்டினால் மலைப்பாக இருக்கும். அட்மிஷனுக்கு முன்னால் முன்பணம் கேட்கிற இடங்களும் உண்டு, கார்டில் இருப்பு இருக்கட்டும்.

கேட்டால் கூச்சம் என்று நினைக்காமல் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். 'இதில் எது இன்றைக்கே செய்ய வேண்டும், எது நாளை வரை பொறுக்கும்' என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். வரும்போது புழுக்கையைப் படம் எடுத்து, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

பிடோக்_பாட்டு

எல்லோரும் குடலையே பேசுகிறீர்கள். இந்த ஊரில் வெயில் அதற்குச் சளைத்ததல்ல. முயலுக்கு 28 டிகிரியைத் தாண்டினாலே கஷ்டம். மேற்கு பார்த்த வீட்டில் பிற்பகல் 3 மணிக்கு வரவேற்பறையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். அதனால் மின்விசிறி மட்டும் போதாது. நாங்கள் தரையில் இரண்டு பெரிய பளிங்கு ஓடு போட்டிருக்கிறோம். தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைப்போம். வெயில் ஏறினால் அறைக் கதவைச் சாத்தி ஏர்கான் 26-இல். மின்கட்டணம் கூடத்தான் செய்கிறது. அதையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காது சிவந்து கொதித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் வழிந்தால் வெப்பத் தாக்கு. குளிர்ந்த தண்ணீரால் காதை நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், வாளியில் முக்க வேண்டாம். நனைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

கிளம்புவது என்றதும் நினைவுக்கு வருகிறது. ரயிலிலும் பேருந்திலும் பிராணியை ஏற்ற மாட்டார்கள். டாக்சி ஓட்டுநர் மனது வைத்தால் உண்டு. பிராணிகளை ஏற்றும் கிராப்பெட் வாடகை வண்டி இருக்கிறது, சாதாரண வண்டியைவிட விலை அதிகம். நள்ளிரவில் காத்திருக்கவும் வேண்டும். போய்வர 60 வெள்ளி ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_முயல்வீடு

சொன்னபடி பணக் கணக்கு. இது என் வீட்டுக் கணக்கு, உங்களுக்கு ஏறக்குறைய இருக்கலாம்.

ஒரு முயலுக்குப் புல், உருண்டைத் தீனி, கீரை, தட்டுக்குப் போடும் காகிதத் துகள் எல்லாம் சேர்த்து மாதம் 70, 80 வெள்ளி. வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, தடுப்பூசி இரண்டுக்கும் 150 முதல் 200. இவை தெரிந்த செலவு. தெரியாத செலவுக்கு நான் எடுத்து வைப்பது மாதம் 80 வெள்ளி, வருடத்துக்கு 960. முயல் இளமையாக இருக்கும்போது அது தொடாமல் சேரும். 5 வயதுக்கு மேல்தான் கரைய ஆரம்பிக்கும். அதனால் முதல் வருடங்களில் சேர்ப்பதுதான் முக்கியம். கணக்கு 1,500-ஐத் தொடும் வரை வேறு எதற்கும் அதில் கை வைப்பதில்லை. ஒரு ராத்திரி அவசரத்தை ஓரளவு அது தாங்கும்.

80 முடியாது என்றால் 40 போடுங்கள், ஆனால் இன்றைக்கே தொடங்குங்கள். அக்கா வீட்டுக்கு நான் சொல்வது: கருத்தடைக்கு 600-ஐ இந்த வருடச் செலவாக எழுதிவிடுங்கள், சேமிப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

தடுப்பூசி பற்றி யாரும் பேசவில்லை. 2020 செப்டம்பரில் முயல் ரத்தக்கசிவு நோய் முதல்முறையாகச் சிங்கப்பூரில் வந்தது. அப்போது எங்கள் வட்டத்தில் பலர் ராத்திரி தூங்கவில்லை. நேற்று துள்ளிய முயல் இன்று செத்துக் கிடக்கும், அவ்வளவு வேகம். செருப்பிலும் துணியிலும் ஈ கொசுவிலும் வரும், மாதக்கணக்கில் பொருட்களில் உயிரோடு இருக்கும். வீட்டை விட்டு வெளியே போகாத முயலுக்கும் வரலாம். பிறகு தடுப்பூசி கொண்டுவரப்பட்டது, வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இதற்குச் சிகிச்சை என்று எதுவும் கிடையாது. 'எங்கள் முயல் கீழே இறங்குவதே இல்லை' என்று சொல்லி யாரும் இதை விட்டுவிட வேண்டாம், தயவுசெய்து.

பொங்கோல்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இன்று காலை தட்டைப் பார்த்தேன், புழுக்கை நன்றாக இருக்கிறது. சில சந்தேகங்கள்.

தினமும் ஒரு கேரட் கொடுக்கிறோம். சரியா? தேக்காவில் பூக்கடைகளில் பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல் கொடுக்கலாமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம், அது ஒத்துக்கொள்ளுமா? தன் வீட்டுப் பூனைக்குச் சொட்டு விடுகிற உண்ணி மருந்தைத் தோழி ஒருத்தி தருகிறாள், முயலுக்கும் விடலாமா?

கிளினிக்_தோழி

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், விடாதீர்கள். ஃபிப்ரோனில் உள்ள மருந்து, அதாவது ஃபிரன்ட்லைன் வகை, முயலின் உயிரையே எடுக்கும். முயலுக்கு வேறு மருந்து இருக்கிறது, எடை பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். அதேபோல் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை வாயில் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து முயலும் போய்விடும்.

கேரட்டில் சர்க்கரை அதிகம். கட்டைவிரல் நுனி அளவு, வாரத்தில் ஓரிரு முறை போதும். கேரட்டின் தழை நல்லது. சந்தையில் வெட்டிப் போடுவார்கள், கேட்டால் தருவார்கள்.

சாம்பிராணி வேண்டாம். குறைந்தபட்சம் முயலை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள், புகை போன பிறகு கொண்டுவாருங்கள். கொசுவர்த்தியும் அப்படியே. புகைமூட்டம் வருகிற மாதங்களிலும் சன்னல் பக்கம் வைக்க வேண்டாம். முயல் சாதாரணமாக மூக்கால் மட்டுமே மூச்சு விடும், சளி கட்டினால் ரொம்பத் தவித்துப்போகும்.

தேக்கா_வாசி

அருகம்புல் கொடுக்கலாம், என் முயல்கள் அதற்கு உயிரையே கொடுக்கும். ஆனால் பூக்கடைப் புல் சாப்பிடுவதற்கென்று வளர்த்தது அல்ல. தண்ணீர் தெளித்துத் தெளித்து அடியில் அழுகியிருக்கும். நூலைப் பிரித்து, மஞ்சளானதைக் கழித்து, உப்புத் தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துணியில் ஆற விட்டுக் கொடுங்கள். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் மருந்தடித்து வந்ததா என்று சொல்ல முடியாது, அந்த வாரம் நான் வாங்குவதில்லை. நல்ல வழி, விதை போட்டுத் தொட்டியில் வளர்ப்பது. தாழ்வாரத்தில் நன்றாகவே வருகிறது.

கொத்தமல்லி, புதினா, துளசி, ரோமைன் கீரை, சியாவ் பாய் சாய் என்ற சீனக் கீரை எல்லாம் கொடுக்கலாம். பாலக்கீரை தினமும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ கிட்டவே வரக் கூடாது. பிள்ளைகள் முறுக்கைக் கீழே போட்டால் உடனே பொறுக்கிவிடுங்கள்.

மேல்மாடி_வாசகர்

கிளினிக் தோழி சொன்னது புரிந்தது. வாங்கியாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குடும்பத்துக்கு ஓர் எல்லை வேண்டும். இத்தனை வெள்ளிக்கு மேல் போனால் என்ன செய்வது என்று முன்னாலேயே பேசி வைக்காமல், ராத்திரி 2 மணிக்குக் கவுண்டரில் நின்றுகொண்டு அழுதபடி கார்டைத் தேய்ப்பது யாருக்கும் நல்லதல்ல.

ஈசூன்_முயல்வீடு

இதில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். பேசி வைக்க வேண்டும், அது சரி. ஆனால் எல்லையை வெள்ளியில் மட்டும் வைக்காதீர்கள். குடல் முடக்கத்துக்கு 1,500 ஆனாலும் இளம் முயல் பெரும்பாலும் எழுந்து பழையபடி ஓடும். பரவிய புற்றுநோய்க்கு 500 என்றாலும் அது வலியை நீட்டுவதாகவே இருக்கும். 'குணமாகி எப்படி வாழும்' என்று மருத்துவரிடம் கேட்டு, அதோடு பணத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு கிழ முயலுக்கு இரண்டு பின்னங்காலும் வராமல் போனது. சேமிப்பு இருந்தும் அதை வலியில்லாமல் போக விட்டோம். பணம் இருந்ததால்தான் அந்த முடிவை நிதானமாக எடுக்க முடிந்தது.

கிளினிக்_தோழி

ஒரு சின்னச் சேர்க்கை. சாப்பிடாத முயலுக்குக் கரைத்து ஊட்டுகிற கிரிட்டிக்கல் கேர் பொடி, ஊசியில்லாத சிரிஞ்ச், ஒரு வெப்பமானி, எடைத்தராசு இந்த நாலும் வீட்டில் இருக்கட்டும். முயலின் உடல் சூடு 38.5 முதல் 40 வரை. முடங்கிக் கிடக்கிற முயலுக்கு 38-க்குக் கீழே இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கிளம்புங்கள். பொடியைக் கரைத்து ஊட்டுவது மருத்துவர் அடைப்பு இல்லை என்று சொன்ன பிறகுதான். அடைப்பு இருக்கும்போது ஊட்டினால் வயிறு வெடிக்கிற அளவுக்கு உப்பிவிடும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். முயல் நோயை மறைக்கிற பிராணி, தராசில் மறைக்க முடியாது.

முயல் பார்க்கிற மருத்துவமனை எது, ராத்திரியில் முயல் தெரிந்த மருத்துவர் இருக்கிற இடம் எது என்று இப்போதே போன் செய்து கேட்டு வையுங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும் எல்லா இடத்திலும் முயல் பார்ப்பதில்லை.

பொங்கோல்_அம்மா

இரண்டு இடத்துக்குப் போன் செய்துவிட்டேன். ஒன்றில் ராத்திரி முயல் பார்க்க மாட்டோம் என்றார்கள், கேட்டது நல்லதாகப் போயிற்று. இன்னொன்றில் கருத்தடைக்கு முன் பரிசோதனைக்கு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பட்டினி போட வேண்டாம், புல்லையும் கூடவே கொண்டு வாருங்கள் என்று அவர்களே சொன்னார்கள். தடுப்பூசியை அறுவை முடிந்து சில வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

வீட்டுக்காரர் மாதம் 60 வெள்ளி ஒதுக்கச் சம்மதித்தார். தீபாவளி போனஸில் இருந்து 500 முதலில் போட்டுவிடுவோம் என்று அவரே சொன்னார். எல்லை பற்றியும் பேசினோம், இன்னும் முடிவாகவில்லை. மகளுக்கும் தெரிய வேண்டும் என்கிறார் அவர், எனக்கு அவள் சின்னப் பிள்ளை என்று தோன்றுகிறது.

ஒரு கேள்வி மட்டும். திமோத்தி புல்லைச் சின்னப் பையாக வாங்கினால் விலை அதிகமாக இருக்கிறது. பெரிய பெட்டி வாங்கினால் இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காதா?

பிடோக்_பாட்டு

பிடிக்கும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து, பழைய தலையணை உறையால் மூடி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். புளித்த வாடையோ வெள்ளைத் தூசியோ வந்தால் மொத்தமும் வேண்டாம். ஒரு முயலுக்குப் பெரிய பெட்டி அதிகம்தான். பங்கு போட்டுக்கொண்டால் நல்லது.

தேக்கா_வாசி

நான் 9 கிலோ பெட்டி வாங்கப் போகிறேன். செங்காங், பொங்கோல் பக்கம் யாருக்காவது மூன்றில் ஒரு பங்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பொங்கோல்_அம்மா

எனக்கு ஒரு பங்கு. தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.